கதவு மூடித் திறந்தால் தேக்கா

சிறப்புப் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். தானாகச் சாப்பிடுவாரா, தானாகக் குளிப்பாரா, ஆபத்தை உணர்வாரா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். பன்னிரண்டாவது கேள்வி, பேருந்திலோ ரயிலிலோ தனியாகச் சென்று வருவாரா என்பது. இளமதிக்கு ஏழு வயதானதிலிருந்து பதினேழு வயதுவரை அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மற்ற கேள்விகளுக்குப் பதில் மாறிக்கொண்டே வந்தது. பத்து வயதில் தானாகக் குளித்தாள். பதின்மூன்றில் சட்டைக்குப் பொத்தான் போட்டாள். பன்னிரண்டாவது கேள்விக்கு மட்டும் பதினோரு முறையும் 'இல்லை' என்ற கட்டத்தில்தான் குறி போட்டேன்.

நான் தஞ்சோங் பகாரில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் மருதப்பன். என் மனைவி பாக்கியலட்சுமிக்கு மருத்துவமனைச் சமையலறையில் ஷிப்ட் வேலை. செங்காங்கில் பதினோராவது மாடியில் வீடு. இளமதி ஒரே பிள்ளை. தாமதமாகப் பிறந்தவள்.

அவளுக்கு எதையும் சொல்லிப் புரியவைப்பது கடினம். இன்று படித்த எழுத்து நாளைக் காலையில் அவளிடம் இருக்காது. ஆனால் படமாகக் காட்டினால் பிடித்துக்கொள்வாள். பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். முதல் அட்டையில் பற்பசை, இரண்டாவதில் பிரஷ், மூன்றாவதில் தண்ணீர்க் குழாய். எங்கள் குளியலறைச் சுவரில் அந்த அட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம். நடுவில் என்ன என்று அவள் கேட்டதில்லை. அட்டையில் இல்லாதது அவளுக்கு உலகத்திலும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவளை ரயிலில், தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு அழைத்துப் போவேன். கூட்டத்தில் அவளுடைய மஞ்சள் பையின் வாரை என் விரலில் சுற்றிக்கொள்வேன். கையைப் பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது. சந்தைக்குப் பக்கத்தில் ரத்னவேலின் பூக்கடை. தூரத்தில் அவளைக் கண்டதுமே, "முதலாளி வந்தாச்சு லா, எல்லாரும் ஒதுங்குங்க!" என்று குரல் கொடுப்பார். இளமதி அவர் முன்னால் போய் நின்று சரங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, கடைசியில் முதலில் முகர்ந்ததையே எடுப்பாள். "நம்ம முதலாளிக்கு ஏமாத்தவும் தெரியாது, ஏமாறவும் தெரியாது" என்பார் ரத்னவேல்.

நான் நாளிதழுக்கு அவ்வப்போது வாசகர் கடிதம் எழுதுகிறவன். ஒருமுறை தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி எழுதினேன். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகள் நம் நாடகங்களில் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டிருந்தேன். தாயை அழவைக்க வருகிறார்கள். குடிகாரத் தந்தையைத் திருத்த வருகிறார்கள். கடைசி வாரத்தில் ஒன்று இறந்துபோகிறார்கள், அல்லது மேடையேறிப் பரிசு வாங்குகிறார்கள். காலையில் பல் துலக்க அரை மணி நேரமாகும் பிள்ளையை இதுவரை எந்த நாடகத்திலும் நான் பார்க்கவில்லை என்று முடித்திருந்தேன். வெட்டாமல் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். மோகனப்பிரியா என்று பெயர். புதிய தொடர் ஒன்றுக்குக் கதை எழுதுவதாகவும், வீட்டுக்கு வந்து பேசலாமா என்றும் கேட்டாள். சனிக்கிழமை மதியம் வந்தாள். முப்பது வயதிருக்கும். பாக்கியம் வேலைக்குப் போயிருந்தாள்.

"அங்கிள், உங்க லெட்டர பிரிண்ட் எடுத்து எங்க ரூம்ல ஒட்டி வச்சிருக்கோம்."

"உங்களத் திட்டித்தானேம்மா எழுதியிருந்தேன்?"

"அதனாலதான் ஒட்டினோம்."

இளமதி தரையில் உட்கார்ந்து மஞ்சள் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா பேனா அழகா இல்ல" என்றாள்.

"ஆபீஸ்ல ஓசியா குடுத்ததும்மா. இவ்வளவுதான் அழகு."

இளமதி எழுந்து போய்த் தன் பச்சைப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் மீதி நேரம் முழுவதும் பச்சை மையில்தான் எழுதினாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். குளியலறை அட்டைகளைக் காட்டினேன். உறவினர் திருமணங்களுக்கு நானும் பாக்கியமும் சேர்ந்து போய்ப் பத்து வருடமாயிற்று என்றேன். லிப்டில் பிள்ளைகள் இளமதியைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒதுங்குவதைச் சொன்னேன். ஒரு மணி நேரம் அப்படிப் பேசியபின் அவள் கேட்டாள்.

"தங்கச்சி தனியா வெளிய எங்கயாச்சும் போவாங்களா, அங்கிள்?"

பன்னிரண்டாவது கேள்வி. எதிரே படிவம் இல்லை. பச்சைப் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள், அவ்வளவுதான். இளமதி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் காதுபட இன்னொரு முறை 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போவா" என்றேன். "வெள்ளிக்கிழமை தேக்காவுக்குப் போயி அம்மாவுக்குப் பூ வாங்கிட்டு வருவா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"பூ" என்றாள் இளமதி, தலை நிமிராமல். "ரத்னவேல் அண்ணன்."

மோகனப்பிரியாவுக்குக் கண் விரிந்தது. "எப்படிப் போவாங்க, பஸ்லயா?"

"கீழயே ஸ்டாப் இருக்கே. ஏறுனா தேக்கா."

கீழே நிற்கும் எந்தப் பேருந்தும் தேக்காவுக்குப் போகாது. அதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். மாலையில் பாக்கியம் வந்து, "என்ன கேட்டாங்க?" என்றபோது, "நாம படுற பாட்டத்தான், வேறென்ன" என்றேன்.

படப்பிடிப்புக்கு எங்கள் பேருந்து நிறுத்தத்தையே தேர்ந்தெடுத்தார்கள். இளமதியாக நடித்த பெண் நிவேதிதா, பாலிடெக்னிக் மாணவி. வந்ததும், "உங்க பைய நான் போட்டுக்கலாமா? பத்திரமாத் திருப்பித் தந்துடுவேன்" என்று இளமதியிடமே அனுமதி கேட்டாள். இளமதி பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஜிப் எப்படித் திறக்கும் என்றும் காட்டினாள். நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். நிவேதிதா பேருந்தில் ஏறினாள். கதவு மூடியது. பேருந்து அடுத்த முனைவரை போய்த் திரும்பி வந்தது. "நாளைக்கு மீதிய தேக்காவுல எடுக்குறோம் அங்கிள். ரத்னவேல் அண்ணன் அவராவே நடிக்கிறேன்னுட்டாரு, செம ஜாலி" என்றாள் மோகனப்பிரியா.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு இருபது பேர் என் ஒரு வார்த்தைக்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

தொடரின் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. குறை சொல்ல இடமில்லாத தொடர் அது. அந்தப் பெண் குணமாகவில்லை. பரிசு வாங்கவில்லை. சாகவுமில்லை. முதல் வாரத்தில் அவள் பல் துலக்கும் காட்சி நான்கு நிமிடம் ஓடியது. பாக்கியம் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "இதெல்லாம் இவங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?" என்றாள். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அந்தத் தொடரில் பொய் ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது.

அந்தக் காட்சி ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்கு வந்தது. மஞ்சள் பையோடு பெண் லிப்டில் இறங்குகிறாள். எங்கள் நிறுத்தத்தில் நிற்கிறாள். பேருந்து வருகிறது. ஏறிக் கதவருகே நிற்கிறாள். கதவு மூடுகிறது. கதவு திறக்கிறது. தேக்கா. சாலையைத் தாண்டி நடந்து போகிறாள். "வா முதலாளி!" என்கிறார் ரத்னவேல், நிஜமாகவே. பூவை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருகிறாள். தாய் கதவைத் திறக்கிறாள்.

இளமதி எழுந்து தொலைக்காட்சிக்கு அருகே போனாள். "என் பை" என்றாள். பிறகு, "ரத்னவேல் அண்ணன்." பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நான் தனியாப் போனேன்."

"நீ இல்லம்மா அது" என்றாள் பாக்கியம். "அந்த அக்கா நடிக்கிறாங்க. நீ தனியாப் போகக் கூடாது, சரியா?"

இளமதியின் முகம் மாறியது. என்னைப் பார்த்தாள்.

"விடு பாக்கியம், சந்தோஷமா இருக்கா" என்றேன். இளமதியிடம், "ஆமா, நீதான் போன. சமத்து" என்றேன்.

பள்ளி விடுமுறைக் காலம். அந்த வார வெள்ளிக்கிழமை பாக்கியத்துக்குக் காலை ஷிப்ட். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேக்காவுக்குப் போவதாக இளமதியிடம் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்குத் தபால் பெட்டியைப் பார்க்கக் கீழே இறங்கினேன். தினமும் இறங்குவதுதான். நான்கு நிமிடத்தில் வந்துவிடுவேன். அவள் படம் பார்த்துக்கொண்டிருப்பாள். இரும்புக் கதவைச் சாத்துவேன், பூட்டுவதில்லை. அவள் தானாகத் திறந்து வெளியே போனதே கிடையாது.

பெட்டியில் ஒரு தடித்த உறை இருந்தது. பதினெட்டு வயதுக்குப் பிறகு சேர்க்கக்கூடிய ஒரு பயிற்சிப் பட்டறையின் விண்ணப்பம். அங்கேயே பிரித்தேன். இதில் அந்தக் கேள்வி ஆறாவதாக வந்திருந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது, எட்டாவது மாடியில் இருக்கும் அஃப்ரீன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள்! செவ்வாக்கிழமை பார்த்துட்டு அழுதுட்டேன் தெரியுமா? அவ தனியாப் போயி பூ வாங்குறது... எங்க உம்மா ரெண்டு தடவ பார்த்தாங்க. நம்ம மதிதானே அது? நம்ம ஸ்டாப்தானே?"

"நம்ம ஸ்டாப்தான்."

"நான் சொன்னேன்ல! எங்க வீட்டுக்காரரு நம்பவே மாட்டேங்குறாரு. மதி தனியாப் போவாளா அங்கிள்? நான் பார்த்ததே இல்லையே."

"இப்பத்தான்... கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குறோம்" என்றேன்.

அவள் இன்னும் பேசினாள். தொடரில் வரும் தந்தை என்னைவிடக் குண்டு என்றாள். நான் சிரித்தேன். கேட்க நன்றாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று பிறகு காவல்துறையினர் கேட்டார்கள். பதினான்கு நிமிடம். எங்கள் தளத்தில் இரண்டு பக்கமும் லிப்ட் உண்டு. இளமதி மற்றொரு பக்கம் இறங்கியிருக்கிறாள்.

மேலே வந்தபோது இரும்புக் கதவு திறந்திருந்தது. காலணி அலமாரியில் அவள் செருப்பு இல்லை. மஞ்சள் பையும் இல்லை. தாழ்வாரத்தின் இரு கோடிக்கும் ஓடினேன். மற்ற லிப்டில் இறங்கி நிறுத்தத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு சீனப் பாட்டி மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன மொழியில் கேட்டேன் என்பது நினைவில்லை. அவர் சாலை போகும் திசையைக் கையால் காட்டினார்.

பேருந்தில் உள்ள கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. தமிழ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பொறுமையாகச் சொன்னார். அவள் பையிலிருந்த பயண அட்டையைத் தட்டி ஏறியிருக்கிறாள். இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டாள். இறங்கி நேராகச் சாலையைக் கடந்திருக்கிறாள், வலப்பக்கமோ இடப்பக்கமோ பார்க்காமல். லாரி ஓட்டுநர் பிரேக் போட்டிருக்கிறார். போதவில்லை.

"அந்த ஸ்டாப்புல ஒண்ணுமே இல்லையே சார்" என்றார் அதிகாரி. "எதிர்ப்பக்கம் கட்டுமானத் தகரவேலிதான் இருக்கு. யாரையாவது பார்க்கப் போனாங்களா? அங்க ஏன் இறங்குனாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"தெரியல" என்றேன்.

தெரியும். கதவு மூடும், கதவு திறக்கும், தேக்கா. அட்டை வரிசையில் நடுவே வேறு படம் கிடையாது. சாலைக்கு அந்தப் பக்கம் ரத்னவேலின் கடை இருந்தாக வேண்டும். அவள் அங்கே தகரவேலியைப் பார்த்தாளா, பார்த்து ஒரு கணம் திகைத்தாளா என்பது கேமராவில் இல்லை. அதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மண்டாய் மின்மயானத்தில் எல்லாம் முடிந்த மறுநாள் மோகனப்பிரியா வந்தாள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை இன்னும் எடுத்திருக்கவில்லை. ரத்னவேல் இரண்டு நாளும் அங்கேயேதான் இருந்தார். பாக்கியம் அவளைக் கண்டதும் எழுந்தாள்.

"பல் விளக்குறத எழுதுன, சரி. லிப்டுல ஒதுங்குறத எழுதுன, சரி. எல்லாம் எங்க வீட்டுல நடந்தது. இத ஏன்டி எழுதுன? எங்க பிள்ள தனியாப் போறான்னு யாருடி உனக்குச் சொன்னது?"

பக்கத்தில் இருந்தவர்கள் பாக்கியத்தைப் பிடித்தார்கள். மோகனப்பிரியா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். அவள் கையில் ஒரு பை இருந்தது. அதில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்திருக்கலாம், பச்சை மையில் இரண்டு கோடு போட்டபடி. நான் கீழே தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல ஆன்ட்டி" என்றாள். "நானாத்தான் எழுதுனேன். கற்பனை."

"கற்பனையா? உன் கற்பனைக்கு எம் பிள்ளதான் கெடச்சாளா?"

அவள் கைகூப்பி நின்றாள். அடித்திருந்தாலும் நின்றிருப்பாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ரத்னவேல்தான் எழுந்து அவளைச் சாலைவரை கொண்டுவிட்டு வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பாக்கியம் என் முன்னால் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க நல்லா எழுதுவீங்களே. எழுதுங்க. அவங்க பெரிய ஆபீசருக்கு எழுதுங்க. இனிமே எந்தப் பிள்ளையையும் இப்படிப் பொய்யாக் காட்டக் கூடாது."

எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே அதுதான் பிழையில்லாத கடிதமாக இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தின் உண்மைகளோடு உண்மையல்லாத ஒரு சம்பவத்தை எழுத்தாளர் தம் விருப்பப்படி சேர்த்தார் என்று ஒரு வரி. அந்த வரியில் சந்தி பிழையாக இருக்கிறதோ என்று இரண்டு முறை பார்த்தேன். பாக்கியம் தமிழில் கையெழுத்திட்டாள். நானும் போட்டேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஆழ்ந்த இரங்கல். இத்தகைய காட்சிகளுக்கு இனி நிபுணரின் ஆலோசனை பெறப்படும். அந்த எழுத்தாளர் தற்போது நிறுவனத்தின் எந்தப் படைப்பிலும் பணியாற்றவில்லை.

"நல்லா வேணும்" என்றாள் பாக்கியம். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அட்டைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. நான் இப்போது நாளிதழுக்கு எழுதுவதில்லை. மோகனப்பிரியாவின் எண் என் தொலைபேசியில் இருக்கிறது. தேக்காவுக்குப் போவதில்லை. ரத்னவேல் வெள்ளிக்கிழமைதோறும் யாரிடமாவது ஒரு சரம் கொடுத்தனுப்புகிறார். பாக்கியம் அதை இளமதியின் படத்துக்குப் போடுகிறாள்.

தொடரை இணையத்திலிருந்து அவர்கள் எடுக்கவில்லை. சில மாதங்களாக பாக்கியம் வேலையிலிருந்து வந்ததும் சோபாவில் உட்கார்ந்து, தொலைபேசியில் அந்த ஒரு பகுதியை மட்டும் போட்டுப் பார்க்கிறாள். முதல் தடவை நான் பயந்துபோனேன். பிடுங்கி வைக்கப் போனேன். "விடுங்க" என்றாள். குரலில் கோபமில்லை.

நேற்று மதியமும் பார்த்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அந்தப் பொண்ண நான் ரொம்பப் பேசிட்டேங்க."

நான் திரையைப் பார்த்தேன். பெண் லிப்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் நானும் பதினேழு வருசம் வளர்த்தோம். இவளால தனியாப் போக முடியும்னு ஒரு நாளாவது நெனச்சிருக்கோமா? படிவத்துல இல்ல இல்லன்னுதானே போட்டோம். ஒரு மணி நேரம் பார்த்தவ நெனச்சிருக்கா பாருங்க. போவா, போயிட்டுத் திரும்பியும் வந்துருவான்னு நெனச்சு எழுதியிருக்கா. அப்படி நெனச்சவ அவ ஒருத்திதான்."

"பாக்கியம்" என்றேன்.

"என்ன?"

சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரை வந்திருந்தது. திரையில் மஞ்சள் பையோடு பெண் பேருந்தில் ஏறினாள். கதவு மூடியது.

"இருங்க, பூ வாங்குற எடம் வருது" என்று பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.